ஏழாம் நம்பர் மருந்து

ஜப்பான்காரன் மலாயாவுக்கு வந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்த சமயம். கூலிம் பக்கம், பாடாங் மேஹாவையும் தாண்டி உள்ளே போகிற ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் நான் டிரஸராக இருந்தேன். ஆஸ்பத்திரி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். தகரக் கூரை போட்ட நீளமான ஒரு கொட்டகை, பன்னிரண்டு கட்டில், ஒரு மருந்து அலமாரி, அதற்கு ஒரு பூட்டு. மாதம் இரண்டு முறை காரில் வந்துகொண்டிருந்த வெள்ளைக்கார டாக்டர் துரைமாரோடு சிங்கப்பூர்ப் பக்கம் ஓடிவிட்டார். எனக்கு மேலே இருந்த பெரிய டிரஸர் அதற்கு முந்தின வாரமே சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார். புண் கழுவிக் கட்டுப் போடுவதைத் தவிர வேறு எதுவும் உருப்படியாகத் தெரியாத நான், இருபத்திரண்டு வயதில், ஆஸ்பத்திரிக்குத் தலைவனானேன். அதற்குப் பிறகு என் வாழ்க்கையில் பதவி உயர்வு என்று ஒன்று வந்ததில்லை. வந்த ஒன்றுக்கும் ஒரு சாம்ராஜ்யமே ஓட வேண்டியிருந்தது.

டாக்டர் விட்டுப்போன தடித்த ஆங்கில வைத்தியப் புத்தகம் ஒன்று என்னிடம் இருந்தது. அகராதி மாதிரி எழுத்து வரிசையில் நோயும் மருந்தும் போட்டிருக்கும். கரையான் அதை முன்பக்கத்திலிருந்து தின்று பாதி வரை வந்திருந்தது. ஆகையால் ஆங்கில எழுத்துகளின் பின்பாதியில் தொடங்குகிற வியாதிகளில் நான் கெட்டிக்காரன். முன்பாதியில் தொடங்குகிற வியாதியோடு யாராவது வந்தால் அது அவர்களுடைய துரதிர்ஷ்டம்.

மருந்துக்குப் பஞ்சம். காய்ச்சலுக்குக் கொய்னா இல்லை, அயோடின் இல்லை, கட்டுத் துணிக்கு வேட்டியைக் கிழித்தோம். இருந்த ஒரே தெர்மாமீட்டரை நானே உடைத்திருந்தேன். மூச்சிழுப்புக்காரர்களுக்கு டாக்டர் கொடுத்துவந்த மருந்தும் தீர்ந்துபோனது. அப்போதுதான் புத்தகத்தின் பின்பாதியில் ஒரு செடியின் படத்தைப் பார்த்தேன். இலையை உலர்த்திப் புகைத்தால் இழுப்பு தணியும் என்றிருந்தது. நம் ஊமத்தைதான். புகைக்கக் காகிதம் இல்லை. தீப்பெட்டி இருந்தவன் அந்தக் காலத்தில் பணக்காரன். புகைப்பதற்குப் பதில் காய்ச்சிக் குடித்தால் என்ன என்று என் மூளை யோசித்தது. மருந்தின் கெடுதல்களுக்கு முன்பக்கம் இன்னதைப் பார்க்கவும் என்று அதே இடத்தில் சின்ன எழுத்தில் குறிப்பு இருந்தது. அந்த முன்பக்கம் கரையான் வயிற்றில் இருந்தது. ஒன்றும் எழுதியிருக்கவில்லை என்று வைத்துக்கொண்டேன்.

காய்ச்சிய கஷாயத்துக்கு 'ஏழாம் நம்பர்' என்று சீட்டு ஒட்டினேன். ஒன்று முதல் ஆறு வரை எதுவும் கிடையாது. ஏழு என்றால் ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை வரும், அவ்வளவுதான்.

அந்த வாரம் ஒரு கிழவரைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். முப்பது வருஷம் கித்தா மரத்தில், அதாவது ரப்பர் மரத்தில், பால் வெட்டியவர். மூச்சிழுப்பு. கூட வந்தது அவருடைய மருமகள். மகனை ஐந்து மாதத்துக்கு முன் ரயில் பாதை போட சயாமுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். ஒரு கடிதாசு இல்லை. தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில், அந்த வீட்டில் மிச்சம் இருந்தது இவர்கள் இருவர்தான்.

கிழவருக்குப் பித்தளைக் கம்பி போட்ட தடித்த மூக்குக் கண்ணாடி ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் கண்ணாடி காணாமல் போனால் போனதுதான். ஆகவே நான் பொறுப்போடு அதைக் கழற்றிக் காகிதத்தில் சுற்றி, அலமாரியில் வைத்துப் பூட்டினேன். அவருக்கு இனி அது பத்திரம். அது இல்லாமல் அவருக்குக் கண் தெரியாது என்பது வேறு விஷயம்.

ஏழாம் நம்பர் வேலை செய்தது! இரண்டாம் நாளே இழுப்பு பாதியாகக் குறைந்தது. வெறும் கண்டுபிடிப்பாளனாக இருந்த நான் அன்று கொஞ்சம் மேதையாகவே நடந்தேன். பக்கத்துக் கட்டிலில் காலில் புண்ணோடு ஒரு மாதமாகப் படுத்திருந்தவர் வாயாடி. "அய்யா, எனக்கும் ஒரு மடக்கு குடுங்களேன், புதுக் கால் மொளைக்கிதான்னு பாப்போம்" என்றார்.

மூன்றாம் நாள் பொழுது சாய்கிற நேரம். கிழவர் எழுந்து உட்கார்ந்து கம்பளியின் ஓரத்தை விரலால் மெதுவாக உரித்து உரித்து, கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டிருந்தார். தோட்டத்தில் இருப்பவனுக்கு அந்தக் கை தெரியும். பால் வெட்டும்முன் முதல் நாள் கோட்டில் உறைந்திருக்கும் ஒட்டுப்பாலை உரித்து வாளியில் போடுகிற கை அது. கம்பளியை முடித்துவிட்டுக் காற்றில் உரித்தார். பிறகு கட்டில் காலடியைப் பார்த்துச் சிரித்தார்.

"எப்படா வந்தே? சாப்டியா?"

அங்கே யாரும் இல்லை.

"யாருங்க பெரியவரே?" என்றார் புண்காரர்.

"என் மவன்தான். பாரு, எளச்சுப்போயி நிக்கிறான்."

புண்காரர் முதலில் சிரித்தார். கொஞ்ச நேரத்தில் சிரிப்பை நிறுத்திவிட்டார். இருட்டியதும் கிழவர் கூச்சல் போட்டார், மரத்துக்குப் போக நேரமாகிவிட்டது என்று இறங்கி ஓடப் பார்த்தார், தூணில் மோதிக்கொண்டார். நான் கட்டுத் துணியால் அவருடைய இரண்டு கையையும் கட்டிலோடு கட்டினேன். மகன் போன துக்கத்தில் மூளை கலங்கிவிட்டது என்று முடிவும் செய்தேன். இழுப்பு திரும்பிவிடக் கூடாதே என்று மூன்று வேளையாக இருந்த மருந்தை நான்கு வேளை ஆக்கினேன்.

அந்த வார்டில், கடைசிக் கட்டிலில், இன்னொரு கிழவர் இருந்தார். வயிற்றுப்போக்கு. சொந்தம் என்று யாரும் கிடையாது. பழைய தோட்டக் காவல்காரர். முதல் இரண்டு நாள் பேசிக்கொண்டிருந்தவர் பிறகு பேச்சை நிறுத்திக்கொண்டார். கேட்டால் ஒரு வார்த்தை, பிறகு அதுவும் இல்லை. கஞ்சியை வைத்தால் அப்படியே இருக்கும். கூச்சல் இல்லை, ஓட்டம் இல்லை. எல்லா நோயாளியும் இப்படி இருந்தால் எவ்வளவு சௌகரியம் என்று நினைத்தேன். நினைத்தது மட்டுமில்லை, புண்காரரிடம் சொல்லியும் காட்டினேன்.

மறுநாள் காலையில் ஜப்பான்காரனிடமிருந்து உத்தரவு வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டில்களில் புத்தி சரியில்லாதவர்கள் யாரும் கிடக்கக் கூடாது. பெயர்ப் பட்டியல் கொடு. மூன்று நாளில் லாரி வரும். எங்கே கொண்டுபோவார்கள் என்று எழுதவில்லை. பாலிங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இப்படி லாரி ஏறிய நான்கு பேரைப் பற்றிப் பிறகு யாரும் எதுவும் கேள்விப்படவில்லை என்று மட்டும் தெரியும். பட்டியல் வெறுமையாகப் போனால் என் கன்னம் வெறுமையாக இருக்காது. அதற்கு ஒரு மாதம் முன்புதான், சரியாகக் குனியவில்லை என்று ஒரு சிப்பாய் அறைந்ததில் என் கடைவாய்ப் பல் ஆடிக்கொண்டிருந்தது. உட்கார்ந்து, அழகான கையெழுத்தில், இரண்டு பெயர் எழுதினேன். கூச்சல் போட்ட கிழவர் பெயருக்கு எதிரே 'பைத்தியம்'. பேசாத கிழவர் பெயருக்கு எதிரே 'புத்தி மந்தம்'. சைக்கிளில் வந்த ஆள் அதை வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

மத்தியானம், மரம் வெட்டி முடித்து, பால் நாற்றத்தோடு மருமகள் வந்தாள். மாமனாரின் கையைப் பார்த்தாள்.

"யாரு கட்டுனது?"

"நான்தான். விழுந்துடுவாரும்மா."

"மாடா அய்யா இவரு?"

"பைத்தியம் பிடிச்சிருக்கு. மகன் போன துக்கம்."

"அவரு போயி அஞ்சு மாசம் ஆச்சு. அஞ்சு மாசமா வராத பைத்தியம், உங்க ஆஸ்பத்திரிக்கு வந்த மூணே நாள்ல எப்படி வந்துச்சு? நான் கொண்டாந்து விட்டப்ப நல்லாத்தானே பேசினாரு? இழுப்புதானே?"

"நல்லாக் கேளு தங்கச்சி. எனக்கும் அதே ரோசனைதான்" என்றார் புண்காரர்.

நான் பட்டியலைப் பற்றிச் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம். அவள் அழவில்லை, கத்தவில்லை. பிறகு கட்டிலில் உட்கார்ந்து மாமனாரை, சந்தையில் மீன் பார்ப்பது போல, ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தாள்.

"நாக்கு கருவாடா கெடக்கு. ஒடம்பு சுடுது, ஒரு பொட்டு வேர்வ இல்ல. கண்ணப் பாருங்க, கறுப்பு முழி மட்டுந்தான் இருக்கு. என்ன குடுக்கிறீங்க இவருக்கு?"

ஏழாம் நம்பரை எடுத்துக் கொடுத்தேன். அவள் மூடியைத் திறந்து முகர்ந்தாள். அவள் முகம் மாறியதை நான் இப்போதும் பார்க்கிறேன்.

"இது நான் பறிச்ச எல."

உண்மைதான். ஆற்றங்கரையில் இருக்கிற ஊமத்தை இலையை ஆஸ்பத்திரிக்குப் பறித்துக்கொண்டு வரச் சொல்லி லயத்தில் சொல்லியிருந்தேன். இரண்டு கூடை கொண்டுவந்தவள் அவள்தான்.

"புண்ணுக்கு அரச்சுக் கட்டத்தான்னு நெனச்சேன். குடிக்கவா குடுத்தீங்க? பசி பொறுக்காம கீரையோட கீரையா இத ஆக்கித் தின்னுட்டு, எங்க லயத்துல ஒரு குடும்பமே ரெண்டு நாள் செவுத்தோட பேசிக்கிட்டிருந்துச்சே அய்யா! எங்க லயத்து ஆடு கூட இதத் தொடாது."

ஆடு புத்தகம் படிப்பதில்லை. அதனால் அதற்குத் தெரிந்திருந்தது.

கிழவரின் அடிவயிற்றில் அவள் கை வைத்தாள். "இது என்ன, பானையக் கவுத்த மாதிரி?" நான் தொட்டேன். கல். எப்போது சிறுநீர் போனார் என்று எனக்குத் தெரியவில்லை. கட்டிப்போட்டவனுக்குக் கேட்கத் தோன்றவில்லை. ரப்பர் தோட்டத்தின் நடுவே எங்களிடம் இருந்த ரப்பர்க் குழாய் ஒன்றே ஒன்று, அதுவும் வெடிப்பு விழுந்தது. அதைக் கொதிக்க வைத்து, சிறுநீர்த் துவாரத்தில் செலுத்தினேன். சட்டி நிறைந்து இன்னொரு சட்டியும் பாதி வந்தது. ஒரு ராத்திரி முழுக்கவும் பாதிப் பகலும் அந்த மனுஷர் அந்த வலியோடு கட்டுண்டு கிடந்திருக்கிறார். அவர் கத்தியதில் பைத்தியம் எவ்வளவு, வயிற்று வலி எவ்வளவு என்று நான் இன்னமும் கணக்குப் போட்டுப் பார்ப்பதுண்டு.

மருந்தை நிறுத்தினேன். கட்டை அவிழ்த்தேன். கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டோம். மருமகள் துணி முனையை நனைத்து வாயில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தாள். "மாமாவோட கண்ணாடி எங்க?" என்று அவள் கேட்டபோதுதான் எனக்கு அலமாரி ஞாபகம் வந்தது. கண்ணாடியை மாட்டியதும் கிழவர் காற்றில் உரிப்பதைக் கொஞ்சம் நிறுத்தி அவள் முகத்தை வெகு நேரம் பார்த்தார்.

இதோடு சரியாகிவிட்டது என்றால் கதையாக இருக்கும். மருந்தை நிறுத்தினால் இழுப்பு திரும்பும் அல்லவா? திரும்பியது. மூச்சு வந்தால் புத்தி போகிறது, புத்தி வந்தால் மூச்சு போகிறது. சாக்கு மூட்டையில் சாய்த்து உட்கார வைத்து, கறுப்புக் கோப்பியைச் சூடாகக் கொடுத்துக்கொண்டிருந்தோம். மறுநாள் காலையில் தெளிவாக இருந்தார். மருமகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். நான் மறுபடியும் மேதையானேன். பொழுது சாய்ந்ததும் மறுபடியும் ஒட்டுப்பால், மறுபடியும் மகன். நான் இடிந்துபோய் உட்கார்ந்தேன்.

"ஏறி எறங்குதுய்யா. நேத்து ரொம்ப ஏறுச்சு, இன்னிக்கு கொஞ்சம்தான். நாளைக்குப் பாருங்க" என்றார் புண்காரர். முறைக்காய்ச்சலை நிறையப் பார்த்தவர். இருட்டைக் கண்டால்தான் கிழவர் மிரள்கிறார் என்று சொல்லி, எனக்குத் தெரியாமல் சமையற்கட்டுக்கு நொண்டிக்கொண்டே போய், தேங்காயெண்ணெயும் திரியும் கொண்டுவந்து விளக்கு ஏற்றியவரும் அவர்தான். அந்த எண்ணெய் அன்றைக்கு ஒரு குடும்பத்தின் சாப்பாடு.

லாரியில் வருகிறவர்களின் பரீட்சைக்குக் கிழவரைத் தயார் செய்ததும் அவரேதான்.

"பெரியவரே, இது எந்த எடம்?"

"ஆஸ்பத்திரி."

"நான் யாரு?"

"நாறக் காலன்."

"புத்தி வந்துருச்சு தங்கச்சி! மனுஷன் நெசம் பேசறாரு."

உத்தரவு வந்த மூன்றாம் நாள் காலையில் லாரி வந்தது. ஒரு ஜப்பானிய அதிகாரி, இரண்டு சிப்பாய், பட்டணத்திலிருந்து ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளர். என்னுடைய பட்டியல் அதிகாரியின் கையில் இருந்தது. 'பைத்தியம் குணமாகிவிட்டது' என்று குனிந்தபடி சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் என் பல் மறுபடியும் ஆடியது. எழுதின நீயே இப்போது இல்லை என்கிறாயா என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டார். பிறகு அதிகாரி தானே கிழவரின் கட்டிலுக்குப் போனார்.

கிழவர் மூக்குக் கண்ணாடியோடு, சாக்கில் சாய்ந்து, இழுத்து இழுத்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். குனியச் சொன்னோம், முடிந்த வரை குனிந்தார். பெயர் கேட்டார்கள், சொன்னார். இடம் கேட்டார்கள், சொன்னார். அடுத்த கேள்வி, இப்போது எந்த ராஜாங்கம்?

கடிகாரத்தை டோக்கியோ நேரத்துக்குத் திருப்பி வைத்து, வருஷத்தை ஜப்பான் கணக்கில் இரண்டாயிரத்து அறுநூற்றுச் சொச்சம் ஆக்கி, போதாததற்கு எங்கள் கெடா மாநிலத்தை சயாமுக்குக் கொடுக்கப் போகிறார்கள் என்று ஊரே பேசிக்கொண்டிருந்த நேரம். புத்தி தெளிந்தவன் எவனும் யோசிக்க வேண்டிய கேள்வி அது.

கிழவர் சொன்னார்: "மொதல்ல தொர இருந்தாரு. இப்ப நீங்க இருக்கீங்க. நாளைக்கு யாருன்னு நீங்கதான் சொல்லணும்."

மொழிபெயர்ப்பாளர் சின்னதாக ஏதோ சொன்னார். கிழவர் சொன்னதில் பாதி கூட இருக்காது. அந்த மனிதருக்கு நான் இன்றும் கடன்பட்டவன்.

"குடும்பம்? பிள்ளைகள் இருக்கிறார்களா?"

மருமகள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். முந்தின நாள் சாயங்காலம் வரைக்கும் மகன் அந்தக் கட்டிலின் காலடியில் நின்றுகொண்டிருந்தவன். கிழவர் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு கட்டிலின் காலடியைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். நானும் மருமகளும் புண்காரரும் அதையே பார்த்தோம்.

"ஒரே மவன். சயாமுக்குப் போயிருக்கான். நீங்கதான் கூட்டிட்டுப் போனீங்க. இன்னும் வரல."

அதிகாரி பென்சிலை எடுத்து ஒரு பெயரை அடித்தார்.

பிறகு கடைசிக் கட்டிலுக்குப் போனார்கள். நானும் கூடப் போனேன். இந்த மூன்று நாளும் நான் அந்தக் கட்டில் பக்கம் போகவே இல்லை. கத்துகிறவரைக் கவனிக்கவே நேரம் போதவில்லை. பெயர் கேட்டார்கள். கிழவர் கண்ணைத் திறந்தார், மூடினார். மறுபடியும் கேட்டார்கள். ஒரு வார்த்தை இல்லை. சிப்பாய்கள் தூக்குவதற்கு நான்தான் தோளைப் பிடித்துக் கொடுத்தேன். அப்போதுதான் பார்த்தேன். வாய் உலர்ந்து உதடு வெடித்திருந்தது. கையில் தோலைப் பிடித்தால், விட்ட பிறகும் அப்படியே நின்றது. கண் குழிக்குள் போயிருந்தது. வயிற்றுப்போக்கில் உடம்பிலிருந்த தண்ணீரெல்லாம் போய், அவருக்கும் அதே கலக்கம்தான். கூச்சல் போடாத கலக்கம். உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரை மூன்று நாள் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டியிருந்தால் அவரும் அவர்களுக்குத் தன் பெயரைச் சொல்லியிருப்பார். அவர் முந்தின வாரம் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தார் என்று சொல்ல அவருக்கு ஒரு மருமகள் இல்லை. அது தெரிந்த ஒரே ஆள் நான். நான் 'புத்தி மந்தம்' என்று எழுதியிருந்தேன்.

"அய்யா, கொஞ்சம் இருங்க" என்று சொன்னதாக ஞாபகம். என் வாயிலிருந்து வந்ததா, மனசுக்குள்ளேயே சொன்னேனா என்று தெரியவில்லை. லாரி போய்விட்டது.

ஜன்னலோரக் கிழவர் அதற்குப் பிறகு ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் இருந்தார், இழுப்போடு நடமாடினார், வீட்டுக்கும் போனார். போகிற அன்று என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தம்பி, அந்தக் கசப்பு மருந்து இருக்குல்ல, அது இன்னும் ஒரு மடக்கு கெடைக்குமா?"

"அது கெடுதல் பெரியவரே. உங்களுக்கு என்னென்னவோ தெரிஞ்சுதே, மறந்துட்டீங்களா?"

"மறக்கல. அதுக்குத்தான் கேக்கறேன். அவன் இன்னும் சாப்பிட்டு முடிக்கல, அதுக்குள்ள நீங்க அனுப்பிட்டீங்க."

ஊற்றிவிட்டேன் என்றேன். நிஜமாகவே ஊற்றியிருந்தேன், வடிகாலில். மருமகள் அவருடைய கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. மகன் கடைசி வரை வரவில்லை என்று யுத்தம் முடிந்த பிறகு கேள்விப்பட்டேன்.

அதற்குப் பிறகு ஒழுங்காகப் படித்துப் பரீட்சை எழுதி, கரையான் அரிக்காத புத்தகங்களும் நிறைய வாசித்தாகிவிட்டது. இந்தக் கலக்கத்துக்கு ஒரு பெயர் உண்டு, வயதானவர்களுக்கு ஆஸ்பத்திரியில் அது சகஜம், காரணத்தைத் தேடி எடுத்தால் பெரும்பாலும் தெளியும் என்பதெல்லாம் அவற்றில் இருக்கிறது. கத்துகிறவரைவிடப் பேசாமல் கிடப்பவரைத்தான் தவற விடுவார்கள் என்பதும் இருக்கிறது; அந்த வரியை நான் முதன்முதலாகப் படித்த அன்று புத்தகத்தை மூடிவிட்டு வெளியே போய் நின்றேன். இப்போது எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. யாரையாவது பார்க்க எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், கூச்சல் கேட்கிற கட்டிலைத் தாண்டி, சத்தமே இல்லாத கட்டிலுக்குப் போய், அங்கே கிடக்கிற முன்பின் தெரியாத பெரியவரிடம் அவருடைய பெயரைக் கேட்டு, அவர் அதைச் சொல்லி முடிக்கிற வரைக்கும் நிற்காமல் என்னால் வெளியே வர முடிவதில்லை.